முப்பத்தொரு தீர்மானம், நான்கு நிமிடம்

அத்தியாயம் 7

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணி. லோஸ் கார்டோஸ் உயர்நிலைப் பள்ளி மாவட்ட அலுவலகத்தின் கவுன்டரில் மூன்று காகிதக் கட்டுகள் தொப்பென்று விழுந்தன. மே பதினாலு, மே இருபத்தெட்டு, ஜூன் பதினொன்று. மாவட்டத்தை ஆளுகிற ஐந்து பேர் கூடிக் கலைந்த மூன்று கூட்டங்களின் மினிட்ஸ்.

ஓடெல் ப்ரூயிட் அவற்றைப் பார்த்ததுமே கொட்டாவி விட்டான். இருபது வருஷம் உள்ளூர் ரேடியோவில் மாட்டு விலை வாசித்தவன். அந்தத் தொழிலே இதைவிடச் சுவாரஸ்யமாக இருந்ததாக இப்போது தோன்றியது.

"பாஸ், ஊர்ல கொலை, கொள்ளை, கள்ளக்காதல்னு எவ்வளவோ இருக்கு. நமக்குன்னு பாத்து மினிட்ஸ் கேஸ் வருது பாருங்க."

"வாய மூடிட்டு மூணையும் வரிசையா வை" என்றாள் வெர்னா சில்வேரா. தனியார் துப்பறிவாளர், சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டே யோசிக்கிற பேர்வழி. விதை உள்ளே போய்த் தோல் வெளியே வருவதற்குள் பாதி கேஸ் முடிந்திருக்கும் என்பது ஓடெலின் அனுபவம்.

பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் டெல்ஃபினா ஓர்னெலாஸ். பள்ளிச் சமையலறையில் பத்தொன்பதரை வருஷம். இன்னும் ஆறு மாசம் ஓட்டினால் இருபது. இருபது முடித்தவருக்கும் கட்டிய துணைக்கும் ஆயுள் முழுக்க மருத்துவக் காப்பீடு. அவள் புருஷன் ரிகோ வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு வாழ்கிறவன். அந்தக் காப்பீடு இல்லாவிட்டால் மெஷினும் இல்லை, ரிகோவும் இல்லை.

ஜூன் பதினொன்றாம் தேதி, புதிதாக வந்த சமையலறை மேற்பார்வையாளன் ஒருவன், பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதே டெல்ஃபினாவைக் கூப்பிட்டு, அவள் சுற்றிய பரிட்டோ ரொட்டிச் சுருள்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைக்கச் சொன்னான். நாலு கிராம் கூடுதலாம். நாற்பதாவது பரிட்டோவில் அவளுக்குப் பொறுமை போயிற்று. மதிய உணவுப் பட்டியலின் பின்பக்கத்தில் இரண்டு வரி ராஜினாமா எழுதி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். இரவு முழுக்க அழுதாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு, ராஜினாமாவை வாபஸ் வாங்குவதாக இன்னொரு கடிதத்தோடு வந்து நின்றாள்.

மாவட்டப் பள்ளிகளின் நிர்வாகத் தலைவரான சூப்பரின்டெண்ட் டாக்டர் லிண்ட்க்விஸ்ட் அந்தக் கடிதத்தில் வரவு முத்திரை குத்தினார். அதோடு ஒரு புன்னகையும் கொடுத்தார்.

"என்ன சொன்னார்னு இன்னொரு தடவை சொல்லுங்க டெல்ஃபினா" என்றாள் வெர்னா.

"'நேத்து சாயங்காலமே ஆட்சிக்குழு உங்க ராஜினாமாவ ஏத்துக்கிச்சு. குழு ஒரு தடவை ஏத்துக்கிட்டா ஏத்துக்கிட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது'ன்னார் மேடம். அப்புறம் என் கையப் புடிச்சுக் குலுக்கி, உங்க சேவைக்கு நன்றின்னார்." டெல்ஃபினா கைப்பையின் வாரை முறுக்கினாள். "அந்தக் கைய இன்னும் கழுவிக்கிட்டே இருக்கேன்."

ஏற்றுக்கொண்ட விதம்தான் அழகு. ஒப்புதல் பட்டியல் என்று ஒன்று உண்டு. யாரும் சண்டை போடமாட்டார்கள் என்று கருதப்படுகிற விஷயங்களையெல்லாம், பழைய நாற்காலியைக் கழிப்பது முதல் பேண்டு வாத்தியக் குழுவின் சுற்றுலா வரை, ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே ஓட்டில் தள்ளிவிடுவார்கள். அன்றைய மூட்டையில் முப்பத்தொன்று. பதினேழாவது, 'வந்து சேர்ந்த ராஜினாமாக்கள்'. அதற்குள் ஒரு பெண்ணின் பத்தொன்பதரை வருஷமும் அவள் புருஷனின் சிறுநீரகமும் இருந்தன. ஆறு மணிக்குக் கூட்டம் தொடங்கியது, ஆறு மணி நாலு நிமிடத்துக்கு மூட்டை நிறைவேறியது என்று குறிப்பு சொன்னது.

"வர்ற செவ்வாய்க்கிழமை கூட்டத்துல இந்த மினிட்ஸையும் ஏத்துக்கிட்டா முடிஞ்சது" என்றாள் வெர்னா. "அப்புறம் எந்தக் கோர்ட்டும் இதைத் தாண்டி யோசிக்காது."

கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்ற குழுச் செயலர் வாண்டா கெச்சம் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். அறுபத்து நாலு வயது. குழுவில் ஆள் மாறும், கட்சி மாறும், வாண்டா மட்டும் மாறமாட்டாள்.

"என்ன கண்ணு அப்படிப் பாக்கறே? அதுல பாக்க என்ன இருக்கு? இருபத்தாறு வருஷமா எழுதறேன், ஒருத்தர் படிச்சதில்ல. ஒரு தடவை கடுப்புல நாலாம் பக்கத்துல பீச் பை பலகாரச் செய்முறையச் சேத்துட்டேன். அஞ்சுக்குப் பூஜ்யம்னு நிறைவேறிச்சு."

"எவ்வளவு சர்க்கரை?" என்றான் ஓடெல்.

"முக்கால் கப். தீர்மானமே இருக்கு, நீ அதிகமாப் போட முடியாது."

வெர்னா சிரிக்கவில்லை. மூன்று கட்டுகளிலும் ஒரே இடத்தில் விரலை வைத்தாள். மூன்றிலும் தொடக்கம் ஆறு மணி. மூன்றிலும் மூட்டை 6.04. மூன்றிலும் முன்மொழிந்தவர் பூஃபோர்ட் டீல். மூன்றிலும் கூட்டம் முடிந்தது 6.22. பொதுமக்கள் கருத்து: எதுவுமில்லை.

"ரயில்கூட இவ்வளவு ஒழுங்கா ஓடாது. நம்ம ஊர்ல ரயிலே இல்லைங்கறது வேற விஷயம்" என்றான் ஓடெல். பிறகு கடைசிக் கட்டில் ஒரு வரியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "பாஸ், ஜூன் பதினொன்னு ஆறு மணிக்குக் கொடி வணக்கத்தை நடத்தினவர் டீல்னு போட்டிருக்கு."

"அதுக்கென்ன?"

"அன்னிக்கு மாவட்டச் சந்தை. பசங்க வளத்த பன்னி, ஆடெல்லாம் ஏலம். ஏலம் விட்டதே டீல்தான். நான் முன் வரிசையில உக்காந்து குச்சியில பொரிச்ச கார்ன் டாக் தின்னுட்டு இருந்தேன். அந்த ஆள் தொண்டை ஒரு நிமிஷம்கூட நிக்கல."

வெர்னாவின் வாயில் விதை நின்றது. வாண்டா திடீரென்று ஸ்டேப்ளரில் ஊசி இருக்கிறதா என்று ஆராயத் தொடங்கினாள்.

*

டீலின் தீவனக் கடையில் மின்விசிறி அனல் காற்றை வீசிக்கொண்டிருந்தது. வெளியே நூற்று ஆறு டிகிரி.

"டேய் ஓடெல்! மாட்டு விலை வாசிச்சுக்கிட்டு இருந்தவன் இப்பத் துப்பறியறியா?" டீல் தொப்பை குலுங்கச் சிரித்தான். இருவரும் ஒரே வகுப்பில் ஒரே கணக்குப் பாடத்தில் தோற்றவர்கள். "மாடு சந்தோஷப்பட்டிருக்கும்."

"நீ ஸ்கூல்ல ஃபெயில் ஆனவன், இப்ப ஸ்கூலையே ஆளறே. அதைவிடவா?"

வெர்னா நேராக விஷயத்துக்கு வந்தாள். "பதினொன்னாம் தேதி கூட்டத்துக்கு நீங்க போனீங்களா?"

டீல் கூச்சமே படவில்லை. "எப்படிப் போறது? ஏலம் இருந்துச்சே. வழக்கமா சந்தை வாரத்துல கூட்டம் வைக்கமாட்டோம். இந்த வருஷம் சந்தைய ஒரு வாரம் முன்னால தள்ளிட்டாங்க, யாரும் கவனிக்கல. வாண்டாவுக்குப் போன் போட்டு, 'நான் வந்ததா எழுதிக்கோ, மத்த நாலு பேர் பாத்துப்பாங்க'ன்னேன். மூணு பேர் இருந்தாலே கூட்டம் செல்லும். இதுல என்ன குத்தம்?"

ஓடெலின் முகம் தொங்கியது. ஐந்தில் ஒருவர் வராவிட்டால் ஓட்டு நாலுக்குப் பூஜ்யம். பொய்க் குறிப்புதான், ஆனால் தீர்மானம் நிற்கும். டெல்ஃபினா வெளியேதான் நிற்பாள். வராத கூட்டத்துக்கு வந்ததாக எழுதச் சொல்வதை எச்சில் துப்புவதுபோல் சொல்லிவிட்டுப் போகிற இந்த மனிதனின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது அவனுக்கு.

வெர்னா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் முழுக்க இந்த வருஷச் சந்தைப் படங்கள். சந்தையில் பிராணியை வாங்குகிறவருக்கு, வளர்த்த பிள்ளையும் பிராணியும் வாங்கியவருமாக நிற்கிற படம் ஒன்று கொடுப்பார்கள். ஏலம் விட்டவர் என்ற முறையில் டீலுக்கு எல்லாவற்றிலும் ஒரு பிரதி. ஒவ்வொரு படத்திலும் பிள்ளையின் கையில் ஏல எண் எழுதிய அட்டை.

"உங்க வேகத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன் மிஸ்டர் டீல்" என்றாள் தேனொழுக. "ஒரு பிராணிக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்குவீங்க?"

டீல் நிமிர்ந்தான். "நிமிஷத்துக்கு ஒண்ணு. முப்பது வருஷமா அதே கணக்கு. அன்னிக்கும் அஞ்சரைக்கு ஆரம்பிச்சேன், முப்பதாவது பிராணி ஆறு மணி அடிக்கும்போது கை மாறிச்சு. நீங்க கடிகாரத்த என்னைப் பாத்துத் திருத்திக்கலாம்."

"வந்து வாங்கினவங்கதானே படத்துல நிப்பாங்க?"

"பின்னே? கை மாறுன அடுத்த நிமிஷமே மேடை ஓரமா நிக்க வச்சு எடுத்துருவாங்க."

"அப்போ ஆறு மணி நாலு நிமிஷம்னா முப்பத்து நாலாவது பிராணி." வெர்னா ஒரு படத்தைத் தட்டினாள். கறுப்புப் பன்னி, காதுவரை சிரிக்கும் பெண்பிள்ளை, அவள் கையில் 34. தோளில் கை போட்டு நிற்பவர் குழு உறுப்பினர் ஹால் ப்ரூபேக்கர். "இவர் சந்தையில இருந்திருக்கார்."

அவள் விரல் இரண்டு படம் தள்ளிப் போயிற்று. 36. ஆட்டுக்குட்டியைக் குழந்தையைப்போல் இடுப்பில் வைத்திருந்த வெள்ளைத் தொப்பிக்காரி, குழுத் தலைவி ஜாய்ஸ் வான் ரைட்டன்.

டீல் படங்களை மாறி மாறிப் பார்த்தான். அந்தச் சிவந்த முகம் மெல்ல வெளுத்தது. தினமும் அந்தச் சுவருக்கு எதிரேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

"மைக்ல நானேதானே இவங்க பேரைக் கத்துனேன்" என்றான் சின்னக் குரலில். "அப்பகூட எனக்குத் தோணலையே."

"உனக்கு எப்பதான் தோணியிருக்கு" என்றான் ஓடெல்.

*

வேனில் ஏறியதும் ஓடெல் தொடையில் தட்டினான். "அஞ்சுல மூணு அவுட்! மிச்சம் ரெண்டு. கூட்டமே செல்லாது. ஜெயிச்சுட்டோம் பாஸ்."

"மூணு பேர் சந்தையில இருக்காங்கன்னா மிச்ச ரெண்டு பேர் யாரைப் பாக்கறதுக்குக் கூட்ட அறையில உக்காந்திருப்பாங்க? ஒருத்தர் மாதிரிதான் மத்தவரும் யோசிப்பார்." வெர்னா விதைத் தோலை ஜன்னலுக்கு வெளியே துப்பினாள். "அறையைப் பெருக்கறவரைக் கேட்போம்."

அலுவலகத்தின் பின்புறம் குப்பைத் தொட்டியருகே நின்ற துப்புரவுப் பணியாளர் நெங் மௌவா யோசிக்கக்கூட இல்லை.

"பதினொன்னா? அன்னிக்கு மதியம் தரைக்கு மெழுகு போட்டேன். மறுநாள் காலை வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாது. கூட்டம் இருக்கேன்னு முதல்லயே கேட்டேன், யாரும் பதில் சொல்லல, போட்டுட்டேன். ஆறு மணிக்கு வாண்டாம்மா மட்டும் வந்தாங்க. செருப்பக் கழட்டிக் கையில வச்சிட்டு வாசல்லயே நின்னாங்க. கொஞ்ச நேரம் கொடியப் பாத்தாங்க. அப்புறம் போயிட்டாங்க."

"மிதிச்ச தடம் ஏதாவது?"

"மறுநாள் நான்தான் முதல் ஆளா மிதிச்சேன். என் பத்து வருஷ சர்வீஸ்ல அவ்வளவு சுத்தமா ஒரு தரைய நான் பாத்ததில்ல."

ஓடெலுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒரே சமயத்தில் வந்தன. முப்பத்தொரு தீர்மானம்! ஒரு வேலை, ஒரு காப்பீடு, ஒரு மனுஷனின் உயிர். எல்லாவற்றையும் முடிவு செய்தது ஐந்து காலி நாற்காலியும் பளபளக்கிற தரையும்.

*

நாலு இருபதுக்கு மறுபடி கவுன்டர். வெர்னா பேசத் தொடங்குமுன் வாண்டாவே கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"அஞ்சு போன் கண்ணு" என்றாள். "மூணு மணியிலேர்ந்து அஞ்சு மணிக்குள்ள அஞ்சு போன். எல்லாம் ஒரே வசனம். 'நான் வரல, மத்த நாலு பேர் இருக்காங்களே, என்னை வந்ததா போட்டுக்கோ.' அஞ்சாவது போன் வந்தப்ப நான் சொல்லியிருக்கணும். சொல்ல வாயெடுத்தேன். அவங்க வச்சுட்டாங்க."

"அதனால எழுதிட்டீங்க."

"புதுசா எழுத என்ன இருக்கு? தேதிய மாத்தினேன். அவ்வளவுதான். சூப்பரின்டெண்டும் அன்னிக்கு ராத்திரி வரைக்கும் ஊர்ல இல்ல. அவரோட மூணு வருஷ வேலை நீட்டிப்பும் அதே மூட்டையில இருபத்து மூணாவதா இருந்துச்சே, தன் விஷயம் வர்றப்ப எதிர்ல இருந்தா நல்லா இருக்காதுன்னு மான்டெரேல கோல்ஃப் ஆடப் போயிட்டார்." வாண்டா கண்ணாடியை எடுத்துத் துடைத்தாள். "அந்தச் சமையல்காரம்மா பேரு அதுல இருந்தது எனக்கு மறுநாள்தான் தெரியும். அன்னிலேர்ந்து தூக்கமில்ல. ராஜினாமா எழுதி வச்சிருக்கேன். ஆனா அதை ஏத்துக்கறதுக்கும் இவங்க கூடணுமே."

பெஞ்சிலிருந்து எழுந்து வந்திருந்த டெல்ஃபினா, வாண்டாவை ஒரு நிமிடம் பார்த்தாள். "என் பேரையும் பீச் பை மாதிரி நினைச்சுட்டீங்களாம்மா?" என்றாள். வாண்டா அழுதாள்.

"ஓடெல், போய் நாலு தர்பூசணி ஜூஸ் வாங்கிட்டு வா" என்றாள் வெர்னா.

"இப்பவா? கதை உச்சத்துல இருக்கறப்பவா?"

"இப்பதான்."

அவன் திரும்பி வந்தபோது மணி நாலு ஐம்பது. வாசலில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் செவ்வாய்க்கிழமைக்கான நிகழ்ச்சி நிரலை ஒட்டிக்கொண்டிருந்தாள் வாண்டா. கூட்டத்துக்கு எழுபத்திரண்டு மணி நேரம் முன்னால் ஒட்டியாக வேண்டும் என்பது சட்டம். ஒட்டியதில் இல்லாத விஷயத்தைக் கூட்டத்தில் தொடக்கூட முடியாது. இணைப்புகளோடு தொண்ணூற்று நாலு பக்கக் கட்டு ஒன்றை வெர்னா அவன் கையில் திணித்தாள்.

"படிச்சுப் பாரு."

"ஒண்ணு, ஜூன் பதினொன்னு மினிட்ஸை ஏத்துக்கறது. ரெண்டு, பழைய மேசை. மூணு, பேண்டு வாத்தியம். அதே பல்லவி. இதுக்கா நான் ஜூஸ் வாங்கப் போனேன்?"

"சரி" என்று மட்டும் சொன்னாள் வெர்னா.

*

செவ்வாய்க்கிழமை ஆறு மணிக்கு ஐந்து பேரும் வந்திருந்தார்கள். டீல் மேசையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மற்றவர்களிடம் அவன் மூச்சு விட்டதாகவும் தெரியவில்லை. தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள மௌனமே போதும் என்று நினைத்திருப்பான். லிண்ட்க்விஸ்ட் புதிதாக வெயில்பட்ட முகத்தோடு தலைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பார்வையாளர் வரிசையில் மூன்றே பேர். டெல்ஃபினா, வெர்னா, ஓடெல். ரிகோவுக்கு இன்று மெஷின் நாள். குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. ஓடெல் அந்தத் தொண்ணூற்று நாலு பக்கக் கட்டால் விசிறிக்கொண்டிருந்தான்.

"பாஸ், பேசறதுக்குச் சீட்டு எழுதிக் குடுத்தீங்களா?"

"இல்ல."

"படத்தையாவது கொண்டு வந்தீங்களா? முப்பத்து நாலு? பன்னி?"

"இல்ல."

"பின்ன எதுக்கு வந்தோம், கொடி வணக்கத்துக்கா?"

வெர்னா விதை கொறித்தாள். தலைவி ஜாய்ஸ் மைக்கைத் தட்டினாள். "பொதுமக்கள் கருத்து? சீட்டு எதுவுமில்ல. ஒப்புதல் பட்டியல், ஒண்ணு முதல் முப்பது வரைக்கும். யாராவது எதையாவது தனியா எடுக்கணுமா?"

யாருக்கும் எதையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

"முன்மொழியறேன்" என்றார் ப்ரூபேக்கர், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல். ஐந்து 'ஆம்'கள் விழுந்தன. டீலின் ஆம் மட்டும் கொஞ்சம் தாமதம். சுவரில் மணி ஆறு நாலு.

ஓடெலுக்கு ரத்தம் தலைக்கேறியது. "அவ்வளவுதானா? இந்தம்மா வாழ்க்கைய மறுபடியும் முழுங்கி ஏப்பம் விட்டுட்டானுங்க, நீங்க விதை தின்னுக்கிட்டு இருக்கீங்க!"

"ஓடெல்," வெர்னா அமைதியாகச் சொன்னாள், "நீ விசிறிக்கிட்டு இருக்கியே, அதுல முதல் இணைப்பைப் படி. சத்தமா. மாட்டு விலை வாசிப்பியே, அந்தக் குரல்ல."

அவன் புரட்டினான். எழுந்து நின்றான். நாலு நாள் கையில் வைத்திருந்து பார்க்காத பக்கம் அது.

"'ஜூன் பதினொன்று கூட்டக் குறிப்பு. மாலை ஆறு மணி. உறுப்பினர் ஐவரும் வரவில்லை. அறையின் தரைக்கு மெழுகு போடப்பட்டிருந்தது. செயலர் வாசலில் நின்றார். கூட்டம் நடக்கவில்லை. ஒப்புதல் பட்டியலின் முப்பத்தொரு விஷயங்களில் எதுவும் நிறைவேறவில்லை. முன்பு தயாரித்த வரைவு தவறானது. அது இதனால் நீக்கப்படுகிறது.'"

ப்ரூபேக்கரின் செல்போன் கையிலிருந்து நழுவிய சத்தம் நன்றாகக் கேட்டது.

"இப்ப அஞ்சு பேரும் சேந்து ஏத்துக்கிட்டது அதைத்தான்" என்றாள் வெர்னா. "அன்னிக்கு நீங்க யாரும் வரலைன்னு உங்க வாயாலயே. அஞ்சுக்குப் பூஜ்யம்."

லிண்ட்க்விஸ்ட் எழுந்துவிட்டார். "இது மோசடி! இதைத் திரும்ப எடுங்க ஜாய்ஸ்!"

"குழு ஒரு தடவை ஏத்துக்கிட்டா ஏத்துக்கிட்டதுதானே டாக்டர்?" என்றாள் வெர்னா. "திரும்ப எடுக்க முடியாதுன்னு டெல்ஃபினாவுக்குக் கைகுலுக்கிச் சொன்னீங்களே. அவங்க ராஜினாமாவ யாரும் ஏத்துக்கல. வாபஸ் கடிதம் பன்னெண்டாம் தேதி காலை ஏழு மணிக்கு உங்க முத்திரையோட வந்தாச்சு. அவங்க ஒரு நிமிஷம்கூட வேலைய விட்டுப் போகல."

"உடனே இன்னொரு ஓட்டு—" என்று தொடங்கினாள் ஜாய்ஸ்.

"நிரல்ல இல்லாததை இன்னிக்கு எடுக்க முடியாதும்மா" என்றாள் வாண்டா, கணினியிலிருந்து நிமிராமல். "அடுத்த கூட்டம் ஜூலை ஒன்பது." பிறகு லிண்ட்க்விஸ்டைப் பார்த்தாள். "உங்க நீட்டிப்பும் அந்த முப்பத்தொண்ணுல ஒண்ணு டாக்டர். உங்க பழைய ஒப்பந்தம் ஜூன் முப்பதோட முடியுது. உங்க சேவைக்கு நன்றி."

வெயில்பட்ட அந்த முகத்தில் நிறம் என்று ஒன்றும் மிச்சமில்லை. அவருக்கு உட்காரும் நாற்காலிகூட உடனே அகப்படவில்லை.

டெல்ஃபினா எழுந்து முன்னால் போனாள். கைப்பையின் வாரை இப்போது முறுக்கவில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்ற நாலு பேர் பதில் சொல்வார்கள் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள்.

"அஞ்சரைக்கு" என்றாள் வாண்டா.

"வர்றேன். ஆனா பரிட்டோவ எடை போடமாட்டேன். அதையும் எழுதிக்குங்க."

வாண்டா எழுதினாள். பக்கத்தில் வந்து நின்ற வெர்னாவிடம் ஒரு மடித்த காகிதத்தை நீட்டினாள். அவளுடைய சொந்த ராஜினாமா. "இதை ஜூலை ஒன்பது மூட்டையில போடப் போறேன் கண்ணு. கவனிக்கிறாங்களான்னு பாப்போம்."

ஓடெல் தன் கையிலிருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். "பாஸ், வெள்ளிக்கிழமையே என்கிட்ட குடுத்தீங்க."

"குடுத்தேன்."

"நானும் படிக்கல."

"தெரியும். நீ படிக்கலைன்னா அவங்களும் படிக்கமாட்டாங்கன்னு அப்பத்தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு."

கூட்டம் கலைந்தபோது மணி 6.31. இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக வாண்டா கெச்சம் பழைய கோப்பிலிருந்த 6.22-ஐ அழித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினாள்.